வரி கொடுப்போரும் கமிஷனர் சம்பளமும்

கொண்டாப்பூரில் சொந்த வீடுள்ள ஒருவருக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் சொத்து வரிச் சீட்டில், பொது வரி, துப்புரவு வரி, விளக்கு வரி, வடிகால் வரி என்று தனித்தனியே பிரித்த தொகைகளும், அவற்றோடு நூற்றுக்கு எட்டு வீதம் நூலகத்துக்கென்று கூட்டிய தொகையும் அச்சாகியிருக்கும். வீட்டின் தரைப் பரப்பு இத்தனை சதுர அடி, அந்த வட்டாரத்துக்கு விதித்த மாத வாடகை மதிப்பு இவ்வளவு, கட்டடத்தின் வயதை உத்தேசித்துக் கழிக்க வேண்டியது இவ்வளவு என்று கணக்குப் போட்டு, வாடகை மதிப்பில் 17 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடு வரை படிப்படியாக ஏறும் விகிதத்தில் அந்த வரி நிர்ணயமாகிறது. வாங்குகிற கணக்கில் இத்தனை நுணுக்கம் காட்டும் நகர நிர்வாகம், அந்தப் பணத்தைக் கொண்டு தான் வைத்து நடத்துகிற மேல்நிலை உத்தியோகஸ்தர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறது, அதை நிர்ணயித்தவர் யார், அவர்களுடைய வேலையை மதிப்பிட்டவர் யார் என்ற கேள்விகளுக்கு வரி கொடுப்பவனிடம் என்ன பதில் சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

கொண்டாப்பூர் என்றவுடன் சங்காரெட்டிக்கு அருகே சாதவாகனர் நாணயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய ஊரை நினைப்பவர் உண்டு. நான் குறிப்பிடுவது அதுவன்று. ஹைதராபாத்தின் மேற்குப் பக்கத்தில், கச்சிபௌலிக்கும் மாதாப்பூருக்கும் அண்டையில், தாவரவியல் தோட்டமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் கணினி நிறுவனங்களும் சூழ்ந்திருக்கும் பகுதி அது. தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்து, இப்போது வீடு வாங்கித் தங்கிவிட்ட குடும்பங்கள் அங்கே அநேகம். ஒரு தலைமுறைக்கு முன்பு கிராமமாக இருந்து, பின்பு சேரிலிங்கம்பள்ளி நகரசபையின் பகுதியாகி, 2007 ஏப்ரல் 16 அன்று பழைய ஹைதராபாத் மாநகராட்சியோடு 12 நகரசபைகளும் 8 ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டுப் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சி உருவானபோது அந்த மகா ஸ்தாபனத்தில் சேர்ந்து, பின்னர் அதன் 150 வார்டுகளில் 104-ஆவது வார்டாயிற்று. ஊராட்சித் தலைவரை வீதியில் நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடியதாயிருந்த ஊர், 2025-26-ஆம் ஆண்டுக்கு 8,440 கோடி ரூபாய்க்கு வரவு செலவுத் திட்டம் போட்ட ஓர் அமைப்பின் மூலையில் ஒடுங்கிற்று. அந்த மூலையிலிருந்து வரும் வரி சொற்பமன்று. 2024-25-இல் மாநகராட்சியின் சொத்து வரி வசூல் 2,000 கோடி ரூபாயைத் தாண்டியதில் இந்த மேற்கு வட்டாரத்தின் பங்கு மிகப் பெரிது.

சம்பளத்தின் அளவை முதலில் பார்த்துவிடுவோம். மாநகராட்சியின் தலைமை உத்தியோகஸ்தரான கமிஷனரை நியமிப்பது மாநில அரசு. அவர் இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்தவர். அவருடைய ஊதியம் அந்தப் பணிக்கென்று மத்திய அரசு 2016-இல் இயற்றிய ஊதிய விதிகளின்படி அமைவது. அவ்விதிகளில், உதாரணமாக, பதினான்காம் நிலையின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 1,44,200 ரூபாய். 2025 ஜூலை முதல் என்று மத்திய அரசு நிர்ணயித்த 58 விழுக்காடு அகவிலைப்படியைக் கூட்டினால் 2,27,836 ரூபாய் ஆகிறது. அரசு பங்களா இல்லையென்றால் வீட்டு வாடகைப் படியும் சேரும். ஒரு கோடி மக்களுக்குக் குறையாத ஒரு நகரத்தின் குடிநீர் வடிகால் நீங்கலான நித்திய காரியங்களையெல்லாம் தலைமேல் சுமப்பவருக்கு இது அதிகமென்று நான் சொல்லமாட்டேன். கொண்டாப்பூரிலேயே கணினி நிறுவனத்தில் நடுத்தரப் பதவியில் உள்ள ஒருவர் இதைவிட அதிகம் வாங்குவதுண்டு. ஆகவே தொகையைக் காட்டி ஆத்திரமூட்டுவது என் நோக்கமன்று. அந்தத் தொகையை நிர்ணயிப்பதிலும், அதைப் பெறுபவரைத் தேர்ந்தெடுப்பதிலும், அவர் செய்த வேலையை எடைபோடுவதிலும், அவரை அனுப்பிவிடுவதிலும் கொண்டாப்பூர்க் குடிமகனுக்கோ, அவன் வாக்களித்து அனுப்பிய பிரதிநிதிக்கோ ஓர் இம்மி அதிகாரமும் இல்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். சம்பளத்தை எவர் நிர்ணயிக்கிறாரோ அவர் முகத்தைப் பார்த்தே உத்தியோகஸ்தர் வேலை செய்வார். இது மனித சுபாவம், குற்றமன்று.

அதற்காக, சம்பளம் நிர்ணயிக்கும் அதிகாரம் முழுவதையும் உள்ளூர் மன்றத்தின் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைப்பதும் பிழை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் பெல் என்று ஒரு சிறு நகரம் உண்டு. ஏறத்தாழ 37,000 பேர், பெரும்பாலோர் கூலிவேலை செய்யும் குடியேறிகள். அந்த நகரத்தின் நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோ ஆண்டுக்கு 7,87,637 டாலர் சம்பளம் வாங்குகிறார் என்பதை 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டபோது, அது அந்நாட்டு ஜனாதிபதியின் சம்பளமான 4,00,000 டாலரைப்போல் ஏறக்குறைய இரு மடங்காயிருந்தது. காவல்துறைத் தலைவருக்கு 4,57,000 டாலர். பகுதி நேரமே வேலை செய்யும் மன்ற உறுப்பினர்களுக்கு ஏறத்தாழ 1,00,000 டாலர். இது எப்படிச் சாத்தியமாயிற்று? மாநிலச் சட்டம் மன்ற உறுப்பினர்களின் ஊதியத்துக்கு விதித்திருந்த உச்சவரம்பைத் தாண்டுவதற்காக, தனிச் சாசனம் உள்ள நகரமாகத் தங்களை மாற்றிக்கொள்ள 2005-இல் ஒரு விசேஷத் தேர்தல் நடத்தினார்கள். அதில் வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு. அதன்பின் நிர்வாகியின் சம்பளத்தை மன்றம் உயர்த்திற்று. மன்றத்தின் சம்பளத்தை உயர்த்த நிர்வாகி வழிசெய்தார்.

அந்த வரலாற்றில் என் மனத்தைவிட்டு அகலாத ஒரு பகுதி உண்டு. பெல் நகரவாசி ஒருவர் 2008-இல் முறைப்படி மனுக்கொடுத்து, நிர்வாகியின் சம்பளம் எவ்வளவு, மன்ற உறுப்பினர்களின் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். நகர அலுவலகம் கொடுத்த தாளில் நிர்வாகிக்கு மாதம் 15,478 டாலர் என்றும் உறுப்பினருக்கு 673 டாலர் என்றும் இருந்தது. உறுப்பினர்கள் உண்மையில் மாதம் 8,000 டாலர் அளவில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்ட கேள்விக்கு அரசாங்கக் காகிதத்தில் பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டால், பாமரன் அதை எதனோடு ஒப்பிட்டுச் சோதிப்பான்? பத்திரிகை வெளியிட்டபின் மக்கள் கூட்டம் கூட்டமாக நகர மன்றத்தில் திரண்டார்கள். ரிஸ்ஸோ பதவி விலகினார். 2014-இல் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த மாநிலத்தின் கணக்கு அதிகாரி நகரங்கள் அனைத்தின் சம்பளப் பட்டியல்களையும் வாங்கி எல்லோரும் பார்க்கும்படி வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கினார். பெல் நகரத்தில் உள்ளூர் அதிகாரம் இருந்தது, பகிரங்கம் இல்லை. ஹைதராபாத்தில் விதிகள் பகிரங்கமாயிருக்கின்றன, உள்ளூர் அதிகாரம் இல்லை. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது என் அபிப்பிராயம். வரி கொடுப்பவன் இரண்டு இடங்களிலும் வெளியே நிற்கிறான்.

நம் நாட்டில் இந்த விவகாரம் புதிதாக எழுந்ததன்று. பம்பாய் நகரத்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் முனிசிபல் கமிஷனராக அமர்ந்த ஆர்தர் கிராஃபோர்டு, தம் பெயரால் இன்றும் வழங்கும் சந்தைக் கட்டடத்தை எழுப்பியவர். நகரத்தின் சுகாதாரத்துக்கு அவர் செய்தது அற்பமன்று. ஆனால் அவரைக் கட்டுப்படுத்தவேண்டிய ஜஸ்டிஸ்கள் சபை அரசாங்கம் நியமித்தவர்களின் கூட்டமாயிருந்தபடியால், செலவு கைமீறிப் போயிற்று. 1871-இல் வரிகொடுப்போர் கிளர்ச்சி செய்தார்கள். அப்போது இங்கிலாந்தில் படித்துத் திரும்பியிருந்த இளம் வழக்கறிஞர் பிரோஸ்ஷா மேத்தா எடுத்துரைத்த நியாயம் இன்றைக்கும் படிக்கத் தக்கது: கமிஷனரின் அதிகாரத்தைத் துண்டாடுவதால் பயனில்லை, வலுவான நிர்வாகியும் வேண்டும், அவரைக் கேள்வி கேட்க வரிகொடுப்போர் தேர்ந்தெடுத்த சபையும் வேண்டும் என்பது அதன் சாரம். 1872-இல் பிறந்த சட்டம் 64 பேர் கொண்ட சபையில் பாதிப் பேரை வரிகொடுப்போர் தேர்ந்தெடுக்க வழி செய்தது. 1888-ஆம் ஆண்டுச் சட்டம், கமிஷனரை அரசாங்கமே நியமிக்கலாம் என்று விட்டுவிட்டாலும், சபையின் மொத்த உறுப்பினர்களில் எட்டில் ஐந்து பங்கினர் வாக்களித்தால் அவரை நீக்கியே தீரவேண்டும் என்று ஒரு கடிவாளத்தையும் வைத்தது. அந்தக் கடிவாளத்தை அடிக்கடி இழுக்க வேண்டியதில்லை. இருக்கிறது என்ற நினைவே போதும்.

கல்கத்தா இன்னும் ஒரு படி மேலே சென்றது. சுரேந்திரநாத் பானர்ஜி மந்திரியாயிருந்து நிறைவேற்றிய 1923-ஆம் ஆண்டு முனிசிபல் சட்டம், தலைமை நிர்வாக அதிகாரியை நியமிக்கும் உரிமையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட கார்ப்பொரேஷனுக்கே அளித்தது; அரசாங்கத்தின் அங்கீகாரம் மாத்திரம் வேண்டும். 1924-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் மேயரானபோது, அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இருபத்தேழு வயது சுபாஷ் சந்திர போஸ். பதவிக்கு விதித்திருந்த சம்பளம் மாதம் 3,000 ரூபாய். அவர் பாதியை, 1,500 ரூபாயை மட்டும் ஏற்றுக்கொண்டார். இந்திய சிவில் சர்வீஸில் தேறியும் அதை உதறிவிட்டு வந்த ஒருவர், நகர மக்களின் சேவகராக அமரும்போது சம்பளத்தைப் பற்றி எடுத்த இந்தத் தீர்மானம் தனிமனிதத் தியாகமாகவே பேசப்படுகிறது. அதில் வேறொரு பொருளும் உண்டு. அவரை நியமித்தவர்கள் மக்களின் பிரதிநிதிகள். ஆகவே சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி வீதியில் நின்று பேசக்கூடிய கேள்வியாயிற்று. ஏழாண்டுக்குப் பின் 1931 கராச்சி காங்கிரஸ், விசேஷ நிபுணர் நீங்கலாக அரசாங்க உத்தியோகஸ்தர் எவருக்கும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது என்று தீர்மானித்ததும், 1937-இல் காங்கிரஸ் மந்திரிகள் அந்தத் தொகையையே தங்களுக்கு எடுத்துக்கொண்டதும் அந்தக் காலத்துப் பொதுவாழ்வின் தொடர்ச்சி. இன்று அந்தத் தொகையை யாரும் கோரப்போவதில்லை. மேல் சம்பளத்துக்கும் நாட்டு மக்களின் வருமானத்துக்கும் உள்ள விகிதம் பொதுமேடையில் விவாதிக்கத் தக்கது என்ற எண்ணம் மட்டும் எங்கே போயிற்று என்பதே என் ஆதங்கம்.

சுதந்திரத்துக்குப் பின் ஸ்தல ஸ்தாபனங்களின் நிர்வாகத் தலைமை பெரும்பாலும் அகில இந்தியப் பணியினரிடமே நிலைத்துவிட்டது. 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த எழுபத்து நான்காவது அரசியல் சாசனத் திருத்தம் நகராட்சிகளுக்குப் பதினெட்டுத் துறைகளைப் பட்டியலிட்டதே தவிர, நகராட்சியின் தலைமை உத்தியோகஸ்தர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதைப் பற்றி வாய்திறக்கவில்லை. அதன் பலனை ஹைதராபாத்தில் கண்ணெதிரே காணலாம். 2023 ஜூலையில் லோகேஷ் குமார் போய் ரொனால்ட் ரோஸ் வந்தார். 2024 ஜூனில் அவர் மாற்றப்பட்டு ஆம்ரபாலி பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபரில் அவரும் போய், பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் இளம்பரிதி வந்தார். 2025 ஏப்ரலில் கர்ணன் வந்தார். இரண்டாண்டுக்குள் நான்கு புதிய கமிஷனர்கள். இவர்களுள் எவருடைய திறமையையும் நான் குறைத்துப் பேசவில்லை. குறைத்துப் பேசவோ உயர்த்திப் பேசவோ ஆதாரம் சேரும் அளவுக்கு ஒருவரும் தங்கவில்லை என்பதே விஷயம்.

ஆம்ரபாலியின் மாற்றம் தனியே கவனிக்க வேண்டியது. ஆந்திரப் பிரதேசம் 2014-இல் பிரிந்தபோது எந்த அதிகாரி எந்த மாநிலத்துக்கு என்று பங்கிட்டதில் எழுந்த பழைய வழக்கின் முடிவாக, அவர் ஆந்திரத்துக்கே உரியவர் என்று மத்திய அரசின் பணியாளர் துறை 2024 அக்டோபரில் ஆணையிட்டது. நிர்வாகத் தீர்ப்பாயமும் தெலங்கானா உயர்நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தன. சட்டத்தின்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் மழைக்காலம் முடிந்து சாலைகள் குண்டும் குழியுமாய்க் கிடக்கும் நேரத்தில், ஒரு மாநகரத்தின் தலைமை நிர்வாகி புதுதில்லியின் ஒரு பங்கீட்டுத் தாளின்படி பெட்டி கட்டும்போது, மேயரும் கார்ப்பொரேட்டர்களும் அதைப் பத்திரிகையில் படித்தே அறிந்துகொள்ள வேண்டியிருந்தால், அங்கே ஸ்தல சுயாட்சி என்று எதைச் சொல்வது? மன்றமே இல்லாத காலங்களும் உண்டு. 2007-இல் பெருநகராட்சி பிறந்தபின் முதல் தேர்தல் நடந்தது 2009 நவம்பரில்; 2014 டிசம்பரில் அந்த மன்றத்தின் காலம் முடிந்தபின் மறு தேர்தல் 2016 பிப்ரவரியில். அந்த இடைவெளிகளில் நிர்வாகம் செய்தவரும், மன்றத்தின் அதிகாரத்தைச் செலுத்தியவரும் ஒரே தனி அதிகாரி. தன் சம்பளச் சீட்டைத் தானே பரிசீலிக்கும் நிலை அது. சென்னைவாசிகள் இதைக் கேட்டு வியக்கவேண்டியதில்லை. 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை அவர்களும் அப்படியே வாழ்ந்தார்கள்.

மன்றம் இருக்கும்போதும் அதன் பலம் எவ்வளவு? தெலங்கானா அரசு 2015-இல் மேயருக்கு மாதம் 50,000 ரூபாயும் துணைமேயருக்கு 25,000 ரூபாயும் கார்ப்பொரேட்டருக்கு 6,000 ரூபாயும் கௌரவ ஊதியமாக உயர்த்தி நிர்ணயித்தது. அதே ஆண்டு ஜூலையில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்ததன் பேரில் அவர்களுடைய மாத ஊதியம் 8,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாய் ஆயிற்று. தெருக் கூட்டுகிறவருக்கு அந்த உயர்வு நியாயமானது, இன்னும் அதிகமாகவே கொடுத்திருக்கலாம். ஆனால் பல்லாயிரம் கோடி ரூபாய் வரவு செலவைப் படித்து, கமிஷனரிடம் விளக்கம் கேட்டு, ஒரு வார்டின் காரியங்களை முழுநேரமும் கவனிக்க வேண்டிய பிரதிநிதிக்கு அதில் பாதியும் இல்லை என்று வைத்தால், அந்தப் பதவிக்கு வருபவர் வேறு வருமானம் உள்ளவராகவோ, அந்தப் பதவியிலிருந்தே வருமானம் தேடுகிறவராகவோ இருப்பார். தமிழ்நாட்டில் 2023 ஜூலை முதல் மாநகராட்சி மேயருக்கு 30,000, துணைமேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000 என்று ஏற்பட்டிருப்பதும் பிரமாதமாகப் புகழத் தக்கதன்று. மேல் உத்தியோகஸ்தர் சம்பளத்தைக் கண்காணிப்பது என்று பேசும்போது, கண்காணிக்க வேண்டியவரின் ஊதியத்தைப் பேசாமல் விடுவது பாதிப் பேச்சு.

கீழ்ப் படியில் உள்ளவர்களோ எப்போதும் கண்காணிப்புக்குள்ளேயே இருக்கிறார்கள். 1973-இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது மஸ்டர் ரோல் ஊழலின் காரணமாக. இல்லாத கூலியாட்களின் பெயரை வருகைப் பதிவேட்டில் ஏற்றிப் பணம் எடுத்த விவகாரம் அது. அதன் விளைவாக 1996 வரை சென்னைக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமற் போயிற்று. ராஜஸ்தானத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் தொடங்கிய மக்கள் விசாரணைகளும் மஸ்டர் ரோல்களைப் பொதுவில் உரக்கப் படிக்க வேண்டும் என்ற கோரிக்கையிலிருந்தே பிறந்தன; தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அங்கேதான் விதை விழுந்தது. ஹைதராபாத்திலும் விடியற்காலையில் வேலைக்கு வரும் துப்புரவுப் பெண், மேஸ்திரி நீட்டும் கருவியில் விரலைப் பதித்து வருகையைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. செயற்கை விரல்ரேகைகளைச் செய்து வராதவர் வந்ததாகக் கணக்குக் காட்டிய மோசடி வெளிப்பட்டபின், முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் முறை வந்தது. 2020 நவம்பரில், மாநகராட்சித் தேர்தலுக்கு இரு வாரங்களே இருந்தபோது, துப்புரவுத் தொழிலாளரின் ஊதியம் 14,500 ரூபாயிலிருந்து 17,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தேர்தல் இல்லாவிட்டால் அந்த உயர்வு எப்போது வந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. மேல்நிலை உத்தியோகஸ்தருக்கோ விலைவாசி ஏறியவுடன் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை தானாக ஏறுகிறது. அவருக்கு விரல்ரேகையும் இல்லை, தேர்தலுக்காகக் காத்திருப்பதும் இல்லை. 2,27,836 ரூபாய்க்கும் 17,500 ரூபாய்க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ பதின்மூன்று மடங்கு. அந்த மடங்கைவிட இந்த இரண்டு நடைமுறைகளுக்கு இடையே உள்ள தூரமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சட்டம் கையில் இல்லாமலில்லை. 2005 அக்டோபர் 12 முதல் அமலில் உள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் அதிகாரிகள், ஊழியர்கள் ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியத்தை, எவரும் கேட்காமலே, தானாக வெளியிட வேண்டும் என்று திட்டவட்டமாகக் கூறுகிறது. ஆனால் பல அலுவலகங்களில் இதற்கென்று தயாரிக்கும் ஏடுகளைப் புரட்டினால், பெறும் சம்பளத்துக்குப் பதிலாகச் சம்பள விகிதம் எழுதியிருக்கும். இன்ன தொகையிலிருந்து இன்ன தொகை வரை என்ற அந்த இரண்டு எண்களுக்கு நடுவே எவரும் எங்கும் நிற்கலாம். வாகனம், ஓட்டுநர், பங்களா, வீட்டு வேலைக்கு அமர்த்திய ஆட்கள், தொலைபேசி இவற்றின் செலவு அந்தப் பத்தியில் வருவதில்லை. தகவல் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய வேண்டிய தெலங்கானா மாநிலத் தகவல் ஆணையம், 2023 பிப்ரவரி முதல் 2025 மே வரை ஆணையர் ஒருவரும் இல்லாமல் முடங்கிக் கிடந்தது. இரண்டேகால் ஆண்டு காலம் ஒரு மாநிலம் முழுவதிலும் அந்த உரிமைக்குக் கடைசிப் படி இல்லாதிருந்தது என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

இதற்கு மேல், 2012-இல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அரசு ஊழியரின் பணிப் பதிவுகளையும் சொத்து விவரங்களையும் அந்தரங்கத் தகவல் என்று தீர்த்தபின், அந்தத் தீர்ப்பின் நிழல் சம்பளக் கேள்விகளின் மீதும் படர்ந்தது. 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் எட்டாவது பிரிவில் பொதுநலனை முன்னிட்டு அந்தரங்கத் தகவலையும் தரலாம் என்று இருந்த சொற்களை நீக்கிவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நான்காவது பிரிவு மாறவில்லை. ஆகவே ஊதியத்தைத் தானாக வெளியிட வேண்டிய கடமை இன்றும் அப்படியே நிற்கிறது. தயங்குகிற அதிகாரிக்கு ஒரு புதிய சாக்குக் கிடைத்திருக்கிறது என்பதே வித்தியாசம்.

மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். உள்ளூர் அரசியலின் இழுப்புக்கு ஆளாகாமல், சட்டவிரோதக் கட்டடத்தை இடிக்கவும், செல்வாக்குள்ளவரிடம் வரி பாக்கியை வசூலிக்கவும் அதிகாரிக்குத் துணிவு வேண்டுமானால், அவருடைய சம்பளமும் பதவியும் கார்ப்பொரேட்டர்களின் தயவில் இருக்கக்கூடாது என்பார்கள். அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்லும் அகில இந்தியப் பணி இல்லாவிட்டால் நாடு ஒன்றாக நிற்காது என்று அரசியல் நிர்ணய சபையில் வல்லபாய் படேல் வாதாடியதும் இதே நியாயத்தில்தான். ஏரிக்கரைகளை வளைத்துக் கட்டடங்கள் எழும்பிய ஹைதராபாத்தில் அந்த அச்சம் கற்பனையன்று. ஆனால் இரண்டாண்டுக்குள் நால்வரை மாற்றிய ஏற்பாடு எந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்றியது? உள்ளூர் மன்றத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்ட அதிகாரி, தலைமைச் செயலகத்தின் பிடியில் முன்னைவிட இறுகவே இருக்கிறார். சம்பளத்தின் அளவு விதிப்படி நிலையாக இருக்கட்டும். அதைக் குறைக்கும் உரிமை மன்றத்துக்கு வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கேட்கும் உரிமையும் மதிப்பிடும் உரிமையும் வேறு.

இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டு ஸ்தல ஆட்சிச் சட்டம் இதற்கு ஓர் எளிய வழி வகுத்தது. ஒவ்வொரு ஸ்தல மன்றமும் நிதியாண்டுதோறும் ஊதியக் கொள்கை அறிக்கை ஒன்றைத் தயாரிக்க வேண்டும். தலைமை அதிகாரிகளுக்கு என்ன கொடுக்கிறோம், மிகக் குறைந்த ஊதியம் பெறுபவருக்கு என்ன கொடுக்கிறோம், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதை அதில் எழுதி, முழு மன்றத்தின் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். உச்சவரம்பு எதையும் சட்டம் விதிக்கவில்லை. அதே ஆண்டில் வில் ஹட்டன் தலைமையில் பொதுத்துறை ஊதியத்தை ஆராய்ந்த குழுவும், மேல் சம்பளம் கீழ்ச் சம்பளத்தின் இருபது மடங்கைத் தாண்டக்கூடாது என்ற யோசனையைப் பரிசீலித்துவிட்டு, கண்டிப்பான வரம்பைவிட விகிதத்தைப் பகிரங்கமாக்குவதே மேல் என்று முடிவுசெய்தது. அங்கே இதனால் சம்பளங்கள் குறைந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாலை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எழுந்து நின்று, இந்தத் தொகைக்கு நான் சம்மதிக்கிறேன் என்று வாக்களிக்க வேண்டியிருக்கிறது. மறுநாள் அவர்கள் தொகுதி மக்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது.

இதே முறையை ஹைதராபாத் மாநகராட்சி மன்றம் பின்பற்றுவதற்கு எந்தச் சட்டமும் தடையாயில்லை. வரவு செலவுத் திட்டத்தோடு ஓர் அனுபந்தமாக, கமிஷனர், கூடுதல் கமிஷனர்கள், மண்டல அதிகாரிகள், தலைமைப் பொறியாளர்கள் ஒவ்வொருவருக்கும் சம்பளம், படி, வாகனம், குடியிருப்பு உள்ளிட்டு ஆண்டு முழுவதும் ஆன செலவையும், எத்தனை மாதங்கள் அந்தப் பதவியில் இருந்தார் என்பதையும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியின் ஊதியத்தையும் அச்சிட்டு மன்றத்தின் முன் வைக்கலாம். 2023 ஜூனில் வார்டுதோறும் திறந்த அலுவலகங்களில், கொண்டாப்பூர் உட்பட, தெலுங்கிலும் உருதுவிலும் அதை ஒட்டிவைக்கலாம். அதிகாரியின் வருடாந்திர மதிப்பீட்டைப் பற்றிய 2007-ஆம் ஆண்டு விதிகள் மட்டும் திருத்தம் வேண்டுபவை: இன்று கமிஷனரின் வேலையைப் பற்றி எழுதுபவர்கள் அனைவரும் தலைமைச் செயலகத்தைச் சேர்ந்தவர்கள், மேயரும் நிலைக்குழுவும் தங்கள் அபிப்பிராயத்தை எழுத்தில் சேர்க்க அதில் ஒரு பத்தி ஏற்பட வேண்டும். 2007-இல் வெளிவந்த இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தின் ஆறாவது அறிக்கை, நகரத்தின் நிர்வாக அதிகாரமே மேயரிடம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நான் கேட்பது அதைவிட எவ்வளவோ சிறிது. கல்கத்தாவில் மேயரும் அவருடைய குழுவும் நிர்வாக அதிகாரத்தை ஏற்று நடத்தும் முறை 1980-களிலிருந்தே நடந்துவருகிறது. அங்கே கமிஷனர் அவர்களுக்குக் கீழ்ப்பட்டு வேலை செய்கிறார், நகரம் கவிழ்ந்துவிடவில்லை.

அடுத்த மன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கொண்டாப்பூர்வாசி, சாலையையும் சாக்கடையையும் பற்றிக் கேட்டபின், இந்த அனுபந்தத்தை முதல் வரவு செலவுக் கூட்டத்திலேயே கோருவீர்களா என்று கேட்டு, கொடுக்கும் பதிலைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். 2020 தேர்தலில் ஹைதராபாத் வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. பெல் நகரத்தின் 2005-ஆம் ஆண்டு விசேஷத் தேர்தலோடு அதை ஒப்பிடுவது மிகையானாலும், வாக்குச்சாவடிக்குப் போகாதவர்களில் கணிசமானவர்கள் இந்த மேற்கு வட்டாரத்து அடுக்குமாடிகளில் வசிக்கும் படித்தவர்கள் என்பது அங்கு வாழும் எவருக்கும் தெரியும்.